அம்பயரின் தடம்

டெலிசியா மூன்றாவது பேஸிலிருந்து ஓடிவந்து, கடைசி எட்டில் தரையோடு சரிந்து, ஓட்டம் முடிகிற ரப்பர் மிதியடியை நோக்கிக் காலை நீட்டினாள். பந்தும் அதே நேரம் வந்தது. கேட்சர் பெண் பந்தோடு குறுக்கே பாய்ந்தாள். செம்மண் எழும்பி இரண்டு பேரையும் மூடிக்கொண்டது. பின்னால் நின்ற அம்பயர் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யவில்லை. பிறகு மெதுவாக முஷ்டியை உயர்த்தினார். அவுட்.

வேலியோரம் பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்த லோர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யோவ் குருட்டுக் கிழவா, கண்ணை எங்க கழட்டி வச்சுட்டு வந்த? புள்ள எப்பவோ வந்து சேந்துட்டாய்யா."

மைதானமே சிரித்தது. அம்பயர் வேறு யாருமில்லை, அவள் புருஷன்தான். சாஃப்ட்பால் மைதானத்தில் இந்தச் சண்டை அவர்கள் கல்யாணத்தைவிடப் பழையது. அவர் தொப்பியைக் கழற்றி, பல்லைக் காட்டிக்கொண்டு அவளை நோக்கி நடந்து வந்தார். வந்து என்ன சொல்லப்போகிறார், அதற்கு என்ன பதில் கொடுக்கலாம் என்று லோர்னா நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தாள். பாதி வழியில் எதையோ கீழே போட்டுவிட்டவர் போலக் குனிந்தார். அப்படியே உட்கார்ந்தார். பிறகு படுத்துக்கொண்டார்.

கிளினிக் நர்ஸ் வண்டியை மைதானத்துக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்தாள். செய்ய வேண்டியதெல்லாம் செய்து பார்த்தாள். சாயங்காலம் ஆலிஸ் நகரத்திலிருந்து விமானம் வந்தது. வெள்ளைத் துணி போர்த்தியவரை ஏற்றிக்கொண்டு போனது. ஓடுபாதையின் ஓரத்தில் ஊர்ப் பெண்கள் எழுப்பிய ஓலத்தில் நாய்கள்கூட ஒதுங்கிப் போயின. லோர்னா கல்லை எடுத்து நெற்றியில் அடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து கடைசியாக வந்த சத்தம் அந்த அழுகைதான்.

புருஷனைப் பறிகொடுத்தவள் எங்கள் பக்கத்தில் வாய் திறப்பதில்லை. புருஷன் வீட்டார் வந்து அவள் உதட்டைத் தொட்டு விடுவிக்கும்வரை, வருஷம் ஒன்றானாலும் சரி, இரண்டானாலும் சரி, கைதான் பேசும். எங்கள் வார்ல்பிரி இனத்துப் பெண்களுக்கு அது பெரிய கஷ்டமில்லை. வாயால் பேசுவதையெல்லாம் கையாலும் பேசத் தெரிந்தவர்கள், வம்பு உட்பட. ஆனாலும் ஊரிலேயே பெரிய வாய் அடைத்துப்போனது எல்லோருக்கும் என்னவோ போலிருந்தது. காலையில் கடை வாசலில் லோர்னாவின் குரல் கேட்காவிட்டால், கடை திறந்துவிட்டதா என்றே சந்தேகம் வரும்.

செத்தவரின் பெயரையும் சொல்லக்கூடாது. கடையில் மாவு மூட்டை அடுக்குகிற ஒருவனுக்கும் அதே பெயர். அன்றிலிருந்து அவன் வெறும் குமன்ஜாயி, பெயரில்லாதவன். செத்தவருக்கு அம்பயர் என்ற பெயர் ஊர் முழுக்க இருந்ததால், பேச்சில் அவரைக் குறிப்பிடுவதற்கு மட்டும் சிரமமில்லை.

வீட்டைப் பூட்டிவிட்டு, தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் வெள்ளை மண் பூசிக்கொண்டு, லோர்னா ஊரின் மேற்கு ஓரத்துத் துக்கக் கூடாரத்துக்குப் போனாள். அங்கே தார்ப்பாய்க்குக் கீழே விதவைகளும் கிழவிகளும் இருந்தார்கள். அடக்கத்துக்கு இன்னும் சில வாரங்கள் ஆகும். உறவுக்காரர்கள் நாலா திசையிலிருந்தும் வந்து சேர வேண்டும். அதுவரை செய்ய வேண்டியது ஒன்றுதான். செத்தவர் நடந்த இடங்களிலெல்லாம் இலைக்கிளையால் தரையைப் பெருக்கி, அவர் தடத்தை அழிக்க வேண்டும். தடம் கிடந்தால் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நிற்பார், போகமாட்டார்.

பெருக்கும் வேலையை முன்னால் நின்று நடத்தியவள் அவருடைய அக்கா மாவிஸ். எங்கள் உறவுப் பிரிவுப் பெயரில் அவள் நங்காலா, ஆண் என்பதால் செத்தவர் ஜங்காலா, ஒரே தகப்பன் பிள்ளைகள். வீடு, கடை வாசல், சர்ச் வாசல், டொயோட்டா நிற்கும் இடம் என்று எல்லாவற்றையும் பெருக்கினாள். சாஃப்ட்பால் மைதானத்துக்கு வந்ததும் கிளையைக் கீழே போட்டுவிட்டாள். இந்த மண்ணில் யார் காலும் படக்கூடாது, யாரும் பெருக்கவும் வேண்டாம், பூட்டு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஏன் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. பெருக்காத மண்ணில் எப்படி விளையாடுவது? அடுத்த வாரம் விளையாட்டு விழா. சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தெல்லாம் அணிகள் வரும். இந்த ஊர்ப் பெண்கள் மஞ்சள் சட்டையை மடித்து வைத்துவிட்டு அவரவர் வீட்டில் படுத்துக்கொண்டார்கள்.

லோர்னாவுக்குச் செய்ய வேலையில்லை, பேச வாயுமில்லை. நினைப்பு மட்டும் ஓயவில்லை.

அவரை அவள் முதலில் பார்த்ததும் ஒரு விளையாட்டு விழாவில்தான். அப்போதெல்லாம் பெண்கள் பூப்போட்ட பாவாடையோடு, வெறுங்காலோடு ஆடுவார்கள். அவர் வேறு ஊரிலிருந்து ஃபுட்பால் ஆட வந்தவர். முழங்கால் பிசகி உட்கார்ந்திருந்தவரைப் பிடித்துப் பெண்கள் ஆட்டத்துக்கு அம்பயராக நிறுத்திவிட்டார்கள். அத்தனை பெண்கள் கத்தலுக்கு நடுவில் நிற்க வேறெந்த ஆம்பிளைக்கும் துணிச்சலில்லை. லோர்னா வேலி தாண்டி ஒரு அடி அடித்தாள். ஓடி, சுற்றி வந்து, பாவாடையைத் தட்டிக்கொண்டு நின்றால், இவர் முஷ்டியை உயர்த்துகிறார். அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மட்டையை அவர் காலடியில் எறிந்தாள். தொப்பியைப் பிடுங்கி லாரிக் கூரைமேல் வீசினாள். அந்த மனுஷன் நொண்டிக்கொண்டே இரண்டாவது பேஸுக்குப் போய்த் தரையைக் காட்டினார். அவள் தடம் பேஸைத் தொடாமல் ஒரு கை அகலத்துக்கு அப்பால் போயிருந்தது.

டிவியில் கிரிக்கெட் பார்க்கிறவர்கள் ரிவ்யூ ரிவ்யூ என்கிறார்களே, எங்கள் ஊரில் அது மண்ணில்தான். ஒரு ஆளை அடையாளம் சொல்ல எங்களுக்கு முகம் வேண்டாம், தடம் போதும். யார், எப்போது, எந்த அவசரத்தில் போனார்கள் என்று தரை சொல்லிவிடும்.

அடுத்த வருஷமும் அவர் வந்தார். முழங்கால் சரியாகியிருந்தது. ஆனாலும் ஃபுட்பாலுக்குப் போகாமல் இங்கேயே வந்து நின்றார். லோர்னா நுங்கராயி, அவர் ஜங்காலா. முறையும் சரியாக இருந்தது, முறைப்பெண்தான். இனிமேல் வீட்டில் வைத்தே அவுட் கொடு என்று மாவிஸ்தான் கேலி பேசி முடித்துவைத்தாள்.

அந்த வருஷங்களை நினைத்தால் இப்போதும் லோர்னாவுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். லாரியின் பின்புறம் பெண்கள், போர்வைகள், நாய்கள், ஒரு மூட்டை மாவு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். வரிவரியான மண்ரோட்டில் பல் கிடுகிடுக்கப் பாடிக்கொண்டு போவார்கள். ஒரு தடவை வழியில் ஆறு வந்துவிட்டது. வருஷக்கணக்காக வறண்டு கிடந்த ஆறு, இவர்கள் போகிற அன்றைக்கென்று பார்த்துப் பெருகியிருந்தது. தண்ணீர் வடியும்வரை கரையிலேயே தங்கி, சாம்பலில் ரொட்டி சுட்டு, கங்காரு வால் வாட்டித் தின்று, நாளெல்லாம் அங்கேயே ஆடினார்கள். சேற்றில் அவர் காலணியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அம்பயராக நின்றார். போட்டி முடிந்த பிறகுதான் போட்டி நடக்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதற்காக யாரும் வருத்தப்பட்டதாக ஞாபகமில்லை.

பிள்ளை பிறக்கவில்லை. அதனால் என்ன, கொழுந்தனார் பிள்ளையும் தங்கச்சி பிள்ளையும் தன் பிள்ளைதானே. அம்மா, பெரியம்மா என்று கூப்பிட ஒரு அணியே இருந்தது. டெலிசியா அவர் தம்பி மகள். தம்பி உயிரோடு இல்லை. அவள் அம்மாவை டயாலிசிஸ் மெஷின் ஆலிஸில் கட்டிப்போட்டிருந்தது. அம்மாவைப் பார்க்கப் போன பெண் வறண்ட ஆற்று மணலில் குடிக்கிற கூட்டத்தோடு சேர்ந்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சாகத்தான் பார்த்தாள் என்று தெரிந்தும் ஊரில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்பயர் டொயோட்டாவை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டிவந்தார். ஒரு புத்திமதி கிடையாது. முதல் பேஸில் நிற்க ஆளில்லை, நீ நில்லு என்றார், அவ்வளவுதான். முதல் நாட்களில் அவள் பெஞ்சில் படுத்துத் தூங்கினாள். பிறகு நின்றாள். பிறகு ஓடினாள், இடது சுண்டுவிரல் மண்ணில் படாத அந்த வெறுங்காலோடு. ஓட ஆரம்பித்த பிறகு சாப்பிட்டாள், தூங்கினாள். ஒருநாள் லோர்னாவின் கத்தலைக் கேட்டுச் சிரித்தும்விட்டாள். அன்றைக்கு அம்பயரும் லோர்னாவும் வீட்டுக்கு வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அந்த டெலிசியா கூடாரத்துக்கு வந்தாள். லோர்னாவுக்குப் பின்னால், முதுகோடு முதுகாக உட்கார்ந்துகொண்டாள்.

"பெரியம்மா, சாயங்காலம் ஆலிஸுக்கு ஒரு கார் போகுது. நான் போறேன்."

லோர்னா திரும்பி அவள் முன்னால் கையை நீட்டினாள். ஏன் என்றது கை.

"இங்க என்ன இருக்கு? மைதானமும் பூட்டிட்டாங்க." கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். "நான்தானே காரணம். இன்னும் கொஞ்சம் வேகமா ஓடியிருந்தா அவுட் ஆகியிருக்க மாட்டேன். நீங்க கத்தியிருக்க மாட்டீங்க. அவரு நடந்து வந்திருக்க மாட்டாரு."

இல்லை, இல்லை என்று லோர்னாவின் கை அடித்துக்கொண்டது. பெண் பார்க்கவில்லை. எழுந்து போய்விட்டாள். இந்தக் கார் போனால் அதைத் துரத்திக்கொண்டு டொயோட்டா ஓட்ட ஆளில்லை.

மாவிஸ் தன் நெருப்பண்டை தேநீர்க் குவளையோடு உட்கார்ந்திருந்தாள். லோர்னா போய்ப் பக்கவாட்டில் உட்கார்ந்து, மைதானத்தைப் பெருக்க வேண்டும் என்று கையால் சொன்னாள். மாவிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கைப்பேச்சில் அது ஒரு வசதி, முகத்தைத் திருப்பினால் காதைப் பொத்திக்கொண்ட மாதிரி. லோர்னா எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்து அதையே சொன்னாள். மாவிஸ் இந்தப் பக்கம் திரும்பினாள். லோர்னா மறுபடி இடம் மாறினாள். தார்ப்பாய்க்குக் கீழே இருந்த கிழவிகள் தாயம் ஆடுவதைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

கடைசியில் மாவிஸே பேசினாள்.

"எல்லா எடத்துலயும் பெருக்கியாச்சு. வீட்டுல, கடையில, சர்ச்சுல. என் தம்பி காலை என் கையாலயே அழிச்சேன். அந்த ஒரு எடத்தை விட்டுடு. தினம் போய் வேலிக்கு வெளிய நின்னு பாத்துட்டு வரேன். அது பாட்டுக்குக் கெடக்கட்டும். காத்து வந்து எடுத்துட்டுப் போகட்டும்."

லோர்னாவுக்கு அது தெரியாது. விறகுக்குப் போகிற சாக்கில் தினம் அவளும்தான் வேலியின் மறுபக்கம் நின்று பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தாள். இடது பூட்ஸின் குதி ஒரு பக்கமாகத் தேய்ந்த அந்தத் தடம். அவளுக்கு மிச்சமிருந்ததும் அதுதான். நானும்தான், என்று மார்பில் கை வைத்துக் காட்டினாள்.

"நீ என்னத்தப் பாக்கறது," என்றாள் மாவிஸ். "நீ கத்தினதுலதானே அவன் விழுந்தான்."

ஊரெல்லாம் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டிருந்ததை இவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். கிழவிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இனி லோர்னா ஏதாவது கேட்டால், புருஷனைத் தின்றுவிட்டு விளையாட்டுக்கு அலைகிறாள் என்பார்கள். வேலி ஓரத்தில் உட்காரக்கூட விடமாட்டார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் கை மடியில் கிடந்தது. பிறகு எழும்பியது. டெலிசியா, என்றது. கார். ஆலிஸ். இன்றைக்கு. காற்று வருவதற்கு முன்னால் அவள் போய்விடுவாள், என்றது. அவர் அவளை எங்கிருந்து தூக்கிக்கொண்டு வந்தார் என்று உனக்குத் தெரியாதா மதினி, என்றது.

மாவிஸ் தேநீரை நெருப்பில் ஊற்றினாள்.

"போய்க் கிளை ஒடிச்சுட்டு வா," என்றாள்.

இரண்டு பேரும் மைதானத்துக்குள் போனார்கள். செய்தி எப்படியோ பரவி, அணிப் பெண்கள் வேலிக்கு வெளியே வந்து நின்றார்கள். டெலிசியாவைக் காணவில்லை. மாவிஸ் பெஞ்சிலிருந்து பெருக்க ஆரம்பித்தாள். நாலு வீச்சு வீசியவள் நின்றுவிட்டாள். குனிந்தாள். கிளையைக் கையில் தூக்கிக்கொண்டு, பெருக்காமல், பெஞ்சிலிருந்து மிதியடிவரை குனிந்தபடியே நடந்தாள்.

"இங்க வா, பாரு."

லோர்னா போய்ப் பார்த்தாள். வேலிக்கு வெளியிலிருந்து தெரியாதது பக்கத்தில் தெளிவாகத் தெரிந்தது. வலது பூட்ஸ் ஊன்றி ஊன்றிப் பதிந்திருந்தது. இடது கால் ஒவ்வொரு எட்டிலும் மண்ணைக் கீறிக்கொண்டு போயிருந்தது. பெஞ்சிலிருந்து எழுந்தபோதே, ஆட்டம் ஆரம்பிக்கும்போதே. வழியில் வேலியை ஒட்டிய ஓரிடத்தில் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். இரண்டு காலும் அங்கே ஆழமாக அழுந்தியிருந்தன.

"காலையிலயே காலு இழுத்திருக்கு," என்றாள் மாவிஸ். "நீ வாயத் தெறக்கறதுக்கு முன்னாடியே அவன் பொறப்பட்டுட்டான்டி. புள்ளைங்க ஆட்டம் நின்னுருமேன்னு நின்னுருக்கான்."

லோர்னாவின் வெள்ளை மண் அப்பிய முதுகில் கையை வைத்தாள், அங்கேயே வைத்திருந்தாள்.

மிதியடிக்கு வந்தார்கள். டெலிசியா சரிந்த தடம் அங்கே அப்படியே கிடந்தது, குதிகால் இழுத்த கோடு நேராக மிதியடியின் விளிம்புவரை. அதன்மேல் கேட்சர் பெண்ணின் கால்விரல்கள் பதிந்திருந்தன. கோட்டுக்குக் கீழே இல்லை, மேலே. டெலிசியா வந்து சேர்ந்த பிறகுதான் அவள் கால் விழுந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் எத்தனை தீர்ப்புக்குச் சண்டை போட்டிருக்கிறாள் லோர்னா, எத்தனை தடவை மண்ணைப் பார்த்துத் தோற்றிருக்கிறாள். இப்போதுதான் ஒரே ஒருமுறை ஜெயித்திருக்கிறாள், அதைச் சொல்லிக் காட்ட ஆள் இல்லை. தான் சொன்னதே தப்பாக இருந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல் அழுதாள்.

மாவிஸ் நிமிர்ந்தாள்.

"என் தம்பி தப்பாக் குடுத்துட்டான்," என்றாள் வேலியைப் பார்த்து. "சேஃப். அவ சேஃப்தான்டி. போய்ச் சொல்லுங்க அவகிட்ட."

பெண்கள் கார் கிளம்புகிற கடையை நோக்கி ஓடினார்கள்.

இருவரும் எதிரெதிர் மூலையிலிருந்து பெருக்கிக்கொண்டு வந்தார்கள். முதல் பேஸ், இரண்டாவது, மூன்றாவது. மிதியடியிலிருந்து பால் பெட்டி இருந்த பக்கம் போகும் சில தடங்கள் மிஞ்சின. அவளை நோக்கி அவர் நடந்துவந்த தடங்கள். அதற்கப்பால் ஊரே ஓடிவந்து மிதித்துக் குழப்பியிருந்தது. மாவிஸ் கிளையைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

லோர்னா ஒவ்வொன்றாகப் பெருக்கினாள். கடைசித் தடத்தின் முன்னால் உட்கார்ந்து, தேய்ந்த குதியின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு அதையும் பெருக்கினாள். தரை பாய் விரித்தாற்போல ஆனது.

மண்ணைச் சுத்தப்படுத்த இலை போட்டுப் புகை எழுப்பிவிட்டு அவர்கள் கூடாரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது கடைப்பக்கம் ஹார்ன் சத்தம் கேட்டது. கார் கிளம்பிவிட்டது. தெற்கு ரோட்டில் புழுதி வால் நீண்டுகொண்டே போனது. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஓடிப்போன பெண்கள் யாரும் திரும்பி வந்து சொல்லவுமில்லை. யாரையாவது கூப்பிட்டுக் கையால் கேட்டிருக்கலாம். லோர்னாவுக்குத் தைரியம் வரவில்லை. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தூக்கமில்லை.

பொழுது விடிந்ததும் விறகுக்குப் புறப்பட்டாள். மைதானத்தின் வழியாகத்தான் போக வேண்டும். வேண்டாம் என்று நினைத்தாலும் கால் அங்கேதான் போனது. வேலிக்கதவு திறந்து கிடந்தது.

பெருக்கிய மண்ணில் ஒரே ஒரு ஆளின் தடம். வெறுங்கால். மிதியடியிலிருந்து கிளம்பி, முதல் பேஸ், இரண்டாவது, மூன்றாவது. எட்டு ஒவ்வொன்றும் நீளம், குதி பதியவேயில்லை, விரல் மட்டும்தான். இடது சுண்டுவிரல் எங்கேயும் மண்ணைத் தொடவில்லை. ஊரில் அப்படிக் கால் ஒருத்திக்குத்தான். தடத்தின் ஓரம் இன்னும் ஈரமாக, கூர்மையாக இருந்தது, காலைப் பனிக்கு அப்புறம் ஓடிய ஓட்டம்.

லோர்னா கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, அந்தத் தடத்தை மிதிக்காமல், மைதானத்தின் விளிம்போடு சுற்றிக்கொண்டு விறகுக்குப் போனாள்.